பனிக்கு எவ்வளவு கழிப்பது

என் மாமியார் வேலாயி எந்தத் தராசையும் நம்பியதில்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் காய்ச்சல் பார்க்கிற கருவியைக்கூட இரண்டாம் தரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறவர். வயது ஐம்பத்தேழு. பதினெட்டு வயதில் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறியவர், இன்னும் இறங்கவில்லை. வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் இந்த முப்பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் கொழுந்து நிறுக்கிற வேலைக்கு வந்து போயிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் வேலாயிக்காகவே மாற்றம் கேட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன். இரண்டு வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறேன் அல்லவா.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பறித்த கொழுந்தைத் தராசில் தூக்கினால் வருகிற நிறையை அப்படியே எழுதமாட்டார்கள். சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணீருக்கு ஒரு கிலோ என்று கழித்துத்தான் எழுதுவார்கள். மழைநாளில் சரி. மாசி மாதம், வானம் மாதக் கணக்கில் வறண்டு கிடக்கும்போதும் தண்ணீருக்குக் கழிப்பார்கள். அப்படி ஒரு மாசியில்தான் என் மாமியார் தன் கொழுந்தை எல்லாம் தரையில் கொட்டி, நிறுக்கிறவரைக் குந்தவைத்து, ஒரு கை அள்ளிப் பிழியச் சொன்னாராம். ஒரு சொட்டு விழுந்தால் ஒரு கிலோ என்ன, இரண்டாகவே எடுத்துக்கொள் என்றாராம். அந்த மனுஷன் பிழிந்து பிழிந்து கை பச்சையானதுதான் மிச்சம். லொறி நாற்பது நிமிடம் நின்றது. அன்றைக்குக் கழிக்கவில்லை. மறுநாள் வழக்கம்போலக் கழித்தார்கள். மறுநாளும் இவர் கொட்டினார்.

பிறகு மின்சாரத் தராசு வந்தது. எண் சிவப்பாக எரியும், பொய் சொல்லாது என்றார்கள். வேலாயி கடையில் பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பக்கெட் வாங்கி, அதைத் தினமும் மலைக்குக் கொண்டுபோய், தன் கொழுந்துக்கு முன்னால் அதை நிறுத்துக் காட்டச் சொன்னார். இரண்டு வருடமாக அந்தப் பக்கெட்டை யாரும் தொடக்கூடாது. வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி முடிந்தாலும் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த வீட்டில், கடன் வாங்குவோமே தவிர அதைப் பிரிக்க மாட்டோம். மாமனார் செல்லசாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். பேச அவருக்கு இடம் கிடைத்ததில்லை.

இனி என் கதை. நான் வினோஜன். ஊர் பூண்டுலோயா. வேலாயியின் மகள் லோஜினியைக் கட்டிக்கொண்டு, வீட்டோடு மாப்பிள்ளையாக இந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து சேர்ந்தேன். எனக்கு ஒரே பைத்தியம், கம்ப்யூட்டர் கேம். பழைய சாமான்களாகப் பொறுக்கி, ஐந்து மாதம் பாடுபட்டு ஒரு கேமிங் கம்ப்யூட்டரைப் பூட்டினேன். உள்ளே மூன்று விசிறி, மூன்றிலும் கலர் லைட். முதல்நாள் அதைப் போட்டபோது மாமியார் வந்து பார்த்துவிட்டு, தேர் நல்லாத்தான் இருக்கு, சாமி எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்.

விளையாட்டு ஒருநாள் சோறு போடும் என்று நான் சொன்னபோது சிரிக்காத ஆள் இல்லை. ஆனால் போட்டது. கொழும்பில் ஒரு கம்பனி, புதிதாகச் செய்கிற கேம்களை விளையாடிப் பார்த்துப் பிழை பிடித்துக் கொடுக்க ஆள் தேடியது. நேர்முகம் போனில் முடிந்தது, என்னைப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. வீட்டிலிருந்து வேலை செய்யவேண்டுமானால் வீட்டுக் கம்ப்யூட்டர் அவர்கள் சொல்கிற சோதனையில் ஏழாயிரம் எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த வாரம் திங்கட்கிழமை கொழும்புக்கு வந்து அவர்கள் கந்தோரில் உட்காரவேண்டும். லோஜினிக்கு ஏழு மாதம். முதல் பிள்ளை. நான் கொழும்பில் ஒரு அறை எடுத்துக் கிடந்தால், இங்கே நடுராத்திரியில் வலி கண்டால் ஆட்டோவுக்கு யார் ஓடுவது? மாமனாருக்கு முழங்கால் வலி. எனக்கு அந்த ஏழாயிரம் வேண்டும். அவ்வளவுதான்.

சோதனை என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஒரு மென்பொருள். ஓடவிட்டால் பனிமலைக்கு மேலே சிறகடித்து ஒரு மிருகம் பறக்கும். நாம் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. அந்தக் காட்சியை வினாடிக்கு எத்தனை படமாக நம் கிராபிக்ஸ் கார்ட் வரைந்து தள்ளுகிறது என்று எண்ணி, கடைசியில் ஒரு புள்ளி போடும். திங்கட்கிழமை மத்தியானம் ஓட்டினேன். 6,412. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், உலகத்தில் இந்தச் சோதனை செய்த கம்ப்யூட்டர்களில் 34 சதவீதத்தை விட இது மேல் என்று இருந்தது. மறுபடி ஓட்டினேன். 6,390. இன்னொரு தரம். 6,455. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான். பகல் சாப்பாட்டுக்கு வந்த மாமியார் என்ன விஷயம் என்று கேட்டார். சொல்லாமல் விட்டிருக்கலாம். புரியட்டும் என்று கொழுந்துக் கணக்கில் சொன்னேன். இந்தக் கார்ட் படம் பறிக்கிறது, இந்த மென்பொருள் அதை நிறுக்கிறது, கம்பனிக்கு ஏழாயிரம் கிலோ வேண்டும், நமக்கு ஆறாயிரத்துச் சொச்சம்தான் வருகிறது என்றேன். மாமியாரின் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"எத்தன கழிச்சாங்க?" என்றார்.

யாரும் கழிக்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஒரே கொழுந்து, மூன்று தரம் நிறுத்தால் மூன்று நிறை காட்டுமா, அப்படிக் காட்டினால் அது தராசா என்று பிடித்துக்கொண்டார். சதவீதத்தில் ஒன்று கூடிக் குறைவது சகஜம் என்று விளக்கினேன். அந்தச் சதவீதத்தில் ஒன்றைத்தான் முப்பத்தொன்பது வருடமாகக் கழிக்கிறார்கள் என்றார். விறுவிறு என்று உள்ளே போய்ச் சீனிப் பக்கெட்டைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பெட்டிக்கு மேலே வைத்து, இப்போது நிறுங்கள் என்றார். விவாதிக்க எனக்குத் தெம்பில்லை. ஓட்டினேன். வந்து தொலைத்தது 6,460.

ஒரு கிலோவுக்கு ஐந்து ஏறுகிறது, ஆகவே மொத்தத்தை ஐந்தால் பிரி என்று உத்தரவு. பிரித்தேன். ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் மாப்பிள்ளையின் பெட்டி ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோ பறிக்கிறது என்று லயம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துக் காம்பரா ராசம்மா அக்கா ஓடிவந்து, அது ஒரு நாளைக்கா, ஒரு மாதத்துக்கா என்று விசாரித்தார்.

அது போதாதென்று அந்த 34. திரையில் அதை யார் பார்த்தார்களோ தெரியாது. நம் நாட்டில் பரீட்சையில் முப்பத்தைந்து எடுத்தால்தான் சாதாரண சித்தி, அதாவது பாஸ், என்பது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வினோஜன் முப்பத்துநாலு எடுத்து ஒரு புள்ளியில் பெயிலாகிவிட்டான் என்று செய்தி. செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேர் துக்கம் கேட்கிற முகத்தோடு வந்து, வாசலில் நின்று, பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள். மத்தியானம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் பரமலிங்கம் சேரே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்து மனுஷன், நல்ல மனசு.

"ஒரு புள்ளிதானே தம்பி, மனம் விடாதையும். மீள்பரிசீலனைக்கு ஒருக்கா போட்டுப் பாரும்," என்றார்.

சோதனை எழுதியது நான் இல்லை சேர், இந்தப் பெட்டி என்றேன். திரையைக் காட்டினேன். படித்துப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதோடு போயிருக்கலாம். கூடியிருந்தவர்களுக்கு விளக்கவேண்டும் என்று வாத்தியார் புத்தி விடவில்லை. நூறு கம்ப்யூட்டரை வரிசையில் நிறுத்தினால் இதற்குப் பின்னால் முப்பத்துநாலு நிற்கும் என்றார். அப்படியானால் முன்னால் எத்தனை என்று ராசம்மா அக்கா கேட்டார். ஏறக்குறைய அறுபத்தைந்து என்றார் சேர். ஓகோ, வகுப்பில் அறுபத்தாறாம் பிள்ளையா என்று கூட்டம் கலைந்தது. பெயிலான பிள்ளைக்கு இருந்த மரியாதையும் அதோடு போயிற்று.

எனக்கு அழுகை வராத குறை. கொழும்பில் அறை தேடச் சொல்லி ஒரு சிநேகிதனுக்குச் செய்தி அனுப்பினேன். லோஜினி அதைப் பார்த்துவிட்டு என் சட்டைகளை மடித்துவைக்க ஆரம்பித்தாள். சண்டை பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சட்டை மடிப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மாமியாரும் அந்தச் சட்டைகளைப் பார்த்தார். நேராக என்னிடம் வந்தார்.

"மாப்புள, நீங்க மத்தியான நெறைய நிறுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. மத்தியானம் கொழுந்து வாடிப் போயிரும். விடியக்காலைல நிறுங்க. பனியோட நிறுத்தா கூடத்தான் வரும்."

படத்துக்கு மேலே எப்படிப் பனி படியும் என்று நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். மறைக்க மாட்டேன். லோஜினி தலையைத் தூக்கி, செய்து பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று மட்டும் கேட்டாள். புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெறுப்போடு ஓட்டினேன். 6,790.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். 6,790தான். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. கிராபிக்ஸ் கார்ட் சூடானால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் காம்பராவுக்கு மேலே தகரம், பின்சுவருக்கு அந்தப்பக்கம் அடுப்பு. மத்தியானம் உள்ளே வெந்துவிடும். விடிகாலை வட்டகொடைக் குளிரில் கார்ட் தன் முழுப் பலத்தோடு ஓடுகிறது. இது கம்ப்யூட்டர் தெரிந்த எவனுக்கும் தெரிந்த விஷயம். இரண்டு நாளாக எனக்கு வராத புத்தி, கம்ப்யூட்டரைத் தேர் என்று நினைக்கிற என் மாமியாருக்கு வந்தது. அதுவும் முழுக்க முழுக்கத் தப்பான காரணத்தால் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவரோ, நான் சொன்னேன் பார்த்தீர்களா, பனி ஏறியிருக்கிறது என்றார்.

இன்னும் இருநூற்றுப் பத்து வேண்டும். அறைக்குள்ளே இவ்வளவு என்றால் வெளியே? வியாழக்கிழமை விடிகாலையில் மேசையோடு கம்ப்யூட்டரைத் தூக்கி இஸ்தோப்புக்கு, அதாவது காம்பராவுக்கு முன்னால் இருக்கிற சின்ன விறாந்தைக்குக் கொண்டுவந்தோம். பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினேன். தேயிலைப் பக்கமிருந்து மூட்டம் புகைபோல உள்ளே புகுந்தது. தண்ணீர் பட்டால் எல்லாம் எரிந்துபோகும் என்று நான் பதற, மாமியார் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது பெரட்டுக்குப் போகிற நேரம். காலையில் எந்த மலையில் வேலை என்று பிரித்துக்கொடுக்கிற இடம்தான் பெரட்டு. போகிற பெண்கள் எல்லாரும் எங்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். திரையில் பனிமலையும் மிருகமும் வந்தன. ராசம்மா அக்கா உற்றுப் பார்த்துவிட்டு, இது எந்த டிவிஷன், செடியே காணோமே என்றார்.

7,038. அடுத்தது 7,052. கூட்டம் கை தட்டியது. எதற்குத் தட்டுகிறோம் என்று அதில் ஒருவருக்கும் தெரியாது. அன்று முப்பது பேர் பெரட்டுக்குப் பிந்திப் போய்க் கண்டாக்கு ஐயாவிடம் ஏச்சு வாங்கினார்கள். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிற அந்த மனுஷனிடம் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இன்னும் கூடுதலாக ஏசியிருக்கிறார்.

இரண்டு முடிவையும் கம்பனிக்கு அனுப்பினேன். மூன்றாவதைத் தங்கள் கண்முன்னே ஓட்டவேண்டும், வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வீடியோவில் வாருங்கள் என்று பதில் வந்தது. எட்டரை! வெயில் ஏறுகிற நேரம். வியாழன் முழுக்க நான் சாமி கும்பிடாத நிமிஷம் இல்லை. மூட்டம் வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் இந்த நுவரெலியா மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை மூட்டம் இருந்தது. ஏழரைக்குக் கொஞ்சம் விலகிப் பயங்காட்டிவிட்டு மறுபடி இறங்கியது. மாமியார் அன்று வேலைக்குப் போகவில்லை. பிந்தி வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டுக் குடையோடு நின்றார். எட்டரைக்குக் கம்பனி மேடம் போன் திரையில் வந்தார். சிங்களத்துப் பெண், கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். ஓட்டினேன். மிருகம் பறந்தது. லோஜினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். 7,019.

மேடம் எழுதிக்கொண்டார். நன்றி, திங்கட்கிழமையிலிருந்து வீட்டிலேயே என்று ஆரம்பித்தார். எனக்குக் கால் தரையில் இல்லை. அப்போதுதான் என் தோளுக்கு மேலால் என் மாமியாரின் தலை போனுக்குள்ளே நுழைந்தது. தலவாக்கலைச் சந்தையில் மரக்கறி வாங்கிப் பழகிய சிங்களம் அவருடையது. தடுமாறாமல் சொன்னார். இது பனியோடு நிறுத்த நிறை, மகளே. உள்ளே வைத்து, வெயில் நேரத்தில் நிறுத்தால் அறுநூறு குறையும். கழித்து எழுதிக்கொள்ளுங்கள்.

என் உயிர் அங்கேயே பாதி போய்விட்டது. நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் மேடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழிக்கிறவர்களோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்ற மனுஷி, கேட்காத இடத்தில் போய்க் கழிக்கச் சொல்கிறார். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, கம்ப்யூட்டரை உள்ளே கொண்டுபோய் வழக்கமாக வைக்கிற இடத்தில் வைத்து இன்னொரு தரம் ஓட்டிக் காட்டமுடியுமா என்று கேட்டார்.

முடியாது என்று எப்படிச் சொல்வது? தூக்கினோம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மூட்டமும் அந்த நேரம் பார்த்து விலகித் தகரத்தில் வெயில் விழுந்தது. இதற்குப் பெயர்தான் கெட்ட காலம். அந்தச் சில நிமிடத்தில் கொழும்பு அறை, பஸ், லோஜினியின் வலி, ஆட்டோ இல்லாத ராத்திரி எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். 6,405.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். வேலைக்கு உண்மையில் ஆறாயிரத்து முந்நூறு போதுமாம். ஆனால் வருகிற எல்லாரும் ஏதாவது தந்திரம் செய்கிறார்களாம். ஏசி அறையில் வைத்து ஓட்டுகிறார்கள், ஒருவன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அதற்கு முன்னால் வைத்தே ஓட்டினானாம். அதனால் மேலே எழுநூறு சேர்த்துத்தான் கேட்பார்களாம். தானாக வாய்திறந்து சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் அம்மே என்றார். வேலை உறுதி, வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்.

லோஜினி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நான் கும்பிட்டேன். மாமியாரின் முகம் மட்டும் இருண்டது.

"அப்ப எழுநூற மொதல்லயே கழிச்சு வச்சுக்கிட்டுத்தான் தராசையே தூக்கியிருக்காங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேடம் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் பிடித்துக்கொண்டார். களவு செய்கிறவனிடம் கழி, செய்யாதவனிடம் எதற்குக் கழிக்கிறாய், ஆறாயிரத்து முந்நூறு உள்ளவர்கள் எத்தனை பேர் தங்களுக்குத் தகுதியில்லை என்று வீட்டில் அழுதுகொண்டு கிடக்கிறார்களோ என்று கேட்டார். நல்ல கேள்விதான். வேலை கொடுத்த வாயிடம் கேட்கிற கேள்வியா அது? மேடம் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது தரம் கேட்பதற்குள் நான் போனை அணைத்துவிட்டு, சிக்னல் போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

பிறகு இத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வெடித்தது. உங்களை யார் பேசச் சொன்னது, அந்தப் பொம்பிளை வேண்டாம் என்றிருந்தால் நான் திங்கட்கிழமை போயிருப்பேனே, உங்கள் மகளை யார் பார்ப்பது என்று கத்தினேன். மாமியார் திருப்பிக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் குடையை மடித்துச் சுவரில் சாத்தினார்.

"போயிருந்தா பஸ் ஏத்தி விட்டுட்டு நானே பாத்துக்கிட்டிருப்பேங்க மாப்புள. பனி நெறையக் காட்டி வாங்குன வேலன்னா, ஒருநாளு வெயில்ல வந்து நிறுப்பாங்க. அன்னைக்கு ஒங்க கையில புள்ள இருக்கும்."

என் கோபம் இறங்கிவிட்டது. இந்த மனுஷியின் மருமகனாக இருப்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது, அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. லோஜினி மடித்துவைத்த சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் திரும்பப் போட ஆரம்பித்தாள். அழுதுகொண்டே போட்டாள்.

மாமியார் சாக்கையும், செடி கீறாமல் இடுப்பில் கட்டுகிற படங்கையும் எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினார். மணி பத்தாகப் போகிறது. அந்த நேரத்துக்குப் போனால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் வேலைதான் எழுதுவார்கள். அதுதான் தோட்டத்துச் சட்டம், அதுதான் நியாயமும்கூட. கொஞ்ச நேரத்தில் மேலே கண்டாக்கு ஐயாவின் குரலும் அதற்கு மேலால் வேலாயியின் குரலும் எங்கள் வாசல்வரை கேட்டன. முழுப் பேர் வேண்டுமாம். தப்பு நூற்றுக்கு நூறு அவர் பக்கம். ஆனாலும் அத்தைதான் ஜெயிக்கவேண்டும் என்று நான் சோற்றை வடித்துக்கொண்டே மனசார வேண்டிக்கொண்டேன்.